அஞ்சு நட்சத்திரம் வாங்கிய இசைத்தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் நல்ல ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ வாங்கிவைத்துக்கொண்டு செவ்வியல் இசை கேட்பவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். பாதிப் பேர் கர்நாடக சங்கீதத்தில் தொடங்கி மேற்கத்திய இசைக்குப் போனவர்கள். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு, காசு போட்டுத் தட்டு வாங்கி, அப்புறம் “எழுதியிருந்தது ஒண்ணுமே கேட்கலையே” என்று என்னிடம் வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘ஆடியோஃபைல் ஒலிப்பதிவு’ (ஒலித்தரத்தில் பித்துள்ளவர்களுக்கான பதிவு) என்று தனியாக ஒரு வகை உண்டா?

சட்டமாக ஒன்றும் கிடையாது. பதிவு செய்த விதத்தை முன்னால் வைத்து விற்கும் தட்டு என்று புரிந்துகொள்ளுங்கள். எத்தனை மைக், எந்த மண்டபம், டேப்பா டிஜிட்டலா, மாஸ்டரிங் (தட்டாவதற்கு முன் நடக்கும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தது யார் என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கும். விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும்.

இதில் விமர்சகர்களின் பங்கு ஆரம்பத்திலிருந்தே பெரிது. 1951-இல் ரஃபேல் குபெலிக் நடத்த, சிகாகோ சிம்பொனி வாத்தியக் குழு முசோர்க்ஸ்கியின் ‘பிக்சர்ஸ் அட் அன் எக்சிபிஷன்’ வாசித்ததை மெர்க்குரி நிறுவனம் பதிவு செய்தது. பொறியாளர் ராபர்ட் ஃபைன் மொத்த வாத்தியக் குழுவுக்கும் ஒரே ஒரு மைக்கைத்தான் தொங்கவிட்டார். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஹோவர்ட் டாப்மன், வாத்தியக் குழுவின் உயிருள்ள சந்நிதியில் இருப்பதுபோல் உணர்ந்ததாக எழுதினார். நிறுவனம் அந்தச் சொற்களை அப்படியே எடுத்து, ‘லிவிங் பிரசென்ஸ்’ என்று அந்த வரிசைக்கே பெயராக வைத்துவிட்டது. விமர்சனம் விளம்பரமானதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

விமர்சனத்தில் வாசிப்புக்கு ஒரு மதிப்பெண், ஒலிக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார்களே. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் யார் எழுதியது என்று பாருங்கள். 1923-இல் காம்ப்டன் மெக்கென்சி தொடங்கிய ‘கிராமஃபோன்’ போன்ற இதழ்களில் எழுதுபவர்கள் இசைக்காரர்கள். ஒரு சிம்பொனியின் இருபது பதிவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு இருபத்தொன்றாவதை எடை போடுவார்கள். ஒலியைப் பற்றிக் கடைசிப் பத்தியில் இரண்டு வரி இருந்தால் அதிகம். 1962-இல் தொடங்கிய ‘ஸ்டீரியோஃபைல்’, 1973-இல் தொடங்கிய ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ போன்றவற்றில் கதை தலைகீழ். அங்கே தட்டு என்பது சாதனத்தைச் சோதிக்கும் கருவியும்கூட.

இரண்டு கூட்டமும் ஒரே தட்டைப் பாராட்டினால் தயங்காமல் வாங்கலாம். ஃபிரிட்ஸ் ரைனர் நடத்த, 1954 மார்ச்சில் சிகாகோவில் பதிவான, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஆல்சோ ஸ்ப்ராக் ஜரதுஸ்ட்ரா’ அப்படிப்பட்டது. ஸ்டீரியோ எல்பி (நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு) கடைக்கு வந்ததே 1958-இல்தான். அதற்கு நான்கு வருஷம் முன்பே ஸ்டீரியோவில் பதிவு செய்து வைத்துவிட்டார்கள். எழுபது வருஷம் ஆகியும் இரண்டு வகை விமர்சகர்களும் அதை விடவில்லை.

ஒரு கூட்டம் மட்டும் கொண்டாடினால் கொஞ்சம் நிதானம் தேவை. டெலார்க் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ அதற்கு நல்ல உதாரணம். நடத்தியவர் எரிக் குன்செல், வாசித்தது சின்சினாட்டி சிம்பொனி, கூடவே நிஜப் பீரங்கி வெடி. அந்த வெடி விழும் இடத்தில் எல்பியில் ஊசி ஓடும் வரியை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பல பிளேயர்களில் ஊசி எகிறிவிடும். ஸ்பீக்கர் போய்விடும் என்று அட்டையிலேயே எச்சரிக்கை போட்டிருந்தார்கள். சாதனக்காரர்களுக்கு அது பண்டிகை. இசையாகக் கேட்டால், என் கணக்கில், சுமாரான வாசிப்பு. பீரங்கி முடிந்ததும் தட்டை எடுத்து வைத்துவிடுவேன்.

ஒலி நன்றாக இருக்கிறது, இல்லை என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார்கள்?

நியாயமான கேள்வி. ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ இதழைத் தொடங்கிய ஹாரி பியர்சன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் இல்லாமல், ஒரு நிஜமான இடத்தில், நிஜமான வாத்தியம் எழுப்பும் ஓசைதான் அளவுகோல். வீட்டில் கேட்பது அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்த்தால் போதும் என்றார். பழைய ஆர்சிஏ, மெர்க்குரி, டெக்கா தட்டுகளை அவர் பட்டியல் போட்டுப் புகழ்ந்த பிறகு, பழைய தட்டுக் கடைகளில் அவற்றின் விலை ஏறிப்போனது தனிக் கதை.

இந்த அளவுகோலில் ஓட்டை உண்டு. பியர்சனுக்கு நியூயார்க்கின் கார்னகி ஹால் பழக்கம். அந்தத் தட்டில் இருப்பதோ சிகாகோ மண்டபமோ வியன்னா மண்டபமோ. பதிவு நடந்த அன்று அவர் அங்கே இல்லை. ஆனால் வேறு எந்த அளவுகோலும் இதைவிடத் தேவலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கேதான் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது என்பேன். சென்னை சபாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் காதில் விழுவது மைக்செட் ஒலிதான். இங்கே இன்னும் பல கோயில்களில் சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமல் வாசிக்கிறார்கள். கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி (புறப்பாட்டுக்கு வாசிக்கும் உருப்படி) தொடங்கும்போது போய் நில்லுங்கள். கல் மண்டபத்துக்குள் இருக்கும்போது ஓசை மேலே எழுந்து கூரையில் தங்கும். வெளிப் பிராகாரத்துக்கு வந்ததும் அந்தத் தங்கல் சட்டென்று அறுந்து, வாத்தியம் மட்டும் தனியாக நிற்கும். வாசிப்பவர் உங்கள் பக்கம் திரும்பினால் அணசிலிருந்து (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) வரும் காரம் முகத்தில் அடிக்கும். அந்தப் பக்கம் திரும்பினால் காரம் போய் உடல் மட்டும் கேட்கும். தவிலில் வலது கை விரல் கூடுகளின் வெடிப்பு ஒரு உயரத்திலும், இடது கைக் கழியின் முழக்கம் இன்னொரு உயரத்திலும் தனித்தனியாக இருக்கும். பின்னால் சுருதி கொடுக்கும் ஒத்து நூல் பிடித்தாற்போல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை ஒரு தடவை காதில் வாங்கிக்கொண்டு வந்து, உங்களிடம் இருக்கும் எந்த நாதஸ்வரப் பதிவையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் தவில் ஒரே ‘தொப்’பாக இருக்கும். ஒத்து எங்கேயோ காணாமல் போயிருக்கும். நாதஸ்வரத்தின் காரம் உச்சத்தில் வெட்டுப்பட்டு, தகரத்தைத் தட்டினாற்போல் கேட்கும். விமர்சகர்கள் ‘வாத்தியத்தின் உடல்’, ‘இடத்தின் காற்று’ என்றெல்லாம் எழுதுவது எதை என்று அப்போது புரியும். (தவிலுக்குப் பக்கத்திலேயே நிற்காதீர்கள். பத்தடி தள்ளி நின்றால் காதுக்கும் நல்லது, அளவுகோலுக்கும் நல்லது.)

அப்படியானால் கர்நாடக இசைத் தட்டுகளுக்கு ஏன் இந்த மாதிரி விமர்சனம் வருவதில்லை?

நம் விமர்சன மரபு கச்சேரியைச் சுற்றி வளர்ந்தது. கல்கி எழுதியதும் சுப்புடு எழுதியதும் மேடையில் நடந்ததைப் பற்றித்தான். தட்டைப் பற்றி எழுதினால் ‘இன்ன கீர்த்தனைகள் உள்ளன, ரசிகர்கள் வாங்கலாம்’ என்ற அளவில் நின்றுவிடுவார்கள்.

இன்னொரு காரணம் இசையிலேயே இருக்கிறது. பீதோவனின் ஐந்தாவது சிம்பொனியில் ஸ்வரம் எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. கார்லோஸ் கிளைபர் 1970களில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு செய்ததையும் மற்றவர்கள் செய்ததையும் வரிக்கு வரி ஒப்பிடலாம். நம்மிடம் ஒரே வித்வானின் இரண்டு நாள் கல்யாணி ராகமே ஒன்றுபோல் இருக்காது. ஒப்பிடுவதற்கு நிலையான ஒன்று இல்லாததால், ஒப்பீட்டு விமர்சனம் என்ற பழக்கமே வரவில்லை. ஆனால் இது வாசிப்புக்குத்தான் பொருந்தும், ஒலிக்குப் பொருந்தாது. தம்புரா கேட்கிறதா, மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கத்தில்) ரவை ஒட்டிய கனம் தெரிகிறதா என்று சொல்ல மனோதர்மம் (அந்தந்த நேரக் கற்பனை) குறுக்கே வராது.

நடப்பது என்னவென்றால், பல நேரடிக் கச்சேரிப் பதிவுகள் மைக்செட் மிக்சரிலிருந்து எடுத்தவை. மிருதங்கத்துக்கு வாய்க்குப் பக்கத்தில் மைக். பாடகர் உதட்டில் மைக். எல்லாம் தனித்தனியாக வந்து சேர்வதால் மண்டபம் என்ற ஒன்றே இருக்காது. அது குறைகிறதே என்று செயற்கை எதிரொலியை ஊற்றுவார்கள். வயலினை இடது ஸ்பீக்கருக்கும் மிருதங்கத்தை வலது ஸ்பீக்கருக்கும் தள்ளிவிட்டு ஸ்டீரியோ என்பார்கள். மேடையில் அவர்கள் இருவரும் பாடகருக்கு ஆளுக்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ரெண்டு தெருவில் இல்லை.

திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்தினம் ஒலிபரப்பாகும்போதும் இதைக் கவனிக்கலாம். பந்தலில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும்போது ஏற்படும் அந்தப் பெரிய, சற்றே கலைந்த ஓசை தரையிலிருந்து எழும். வானொலியில் கேட்பது முன்வரிசையில் மைக் எட்டிய சிலருடைய குரல். ஒலிபரப்புக்கு அது போதும், தட்டுக்குப் போதாது. இதையெல்லாம் யாராவது எழுதினால் அடுத்த பதிவு கொஞ்சமாவது மாறும். எழுத ஆள் இல்லை.

இந்திய இசையில் ஆடியோஃபைல் விமர்சகர்கள் ஏற்றுக்கொண்ட பதிவே கிடையாதா?

உண்டு. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ‘வாட்டர் லிலி அக்கவுஸ்டிக்ஸ்’ என்ற நிறுவனத்தை நடத்தினார். ஒரு தேவாலயத்தில், இரண்டு மைக்கைக் குறுக்காக வைத்து (புளூம்லைன் முறை), வால்வு சாதனங்கள் வழியாக நேராக டேப்பில் பதிவு செய்வார். மிக்சர், பிற்பாடு ஒட்டுவேலை எதுவும் இல்லை. மோகன வீணைக்காரர் விஸ்வ மோகன் பட்டும் கிதார் கலைஞர் ரை கூடரும் 1992-இல் அங்கே வாசித்த ‘எ மீட்டிங் பை த ரிவர்’ 1994-இல் கிராமி வாங்கியது. சாதனக் கண்காட்சிகளில் அதைப் போடாத கடை இல்லை என்கிற அளவுக்கு ஆயிற்று. எல். சுப்ரமணியத்தின் வயலினையும் அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கிறது.

அந்தப் பாணியில் ஒரு முழு நாதஸ்வர மேளத்தை ஒரு கோயில் மண்டபத்தில் யாராவது பதிவு செய்தால் நான் முன்பணம் கட்டத் தயார்.

பழைய பதிவு என்றாலே கரகர சத்தம். அதையும் விமர்சகர்கள் தலையில் வைத்து ஆடுகிறார்களே?

ஆடட்டும், தப்பில்லை. 1951-இல் பாய்ராய்ட்டில் ஃபுர்ட்வாங்லர் நடத்திய பீதோவன் ஒன்பதாவது சிம்பொனி மோனோதான், அரங்கில் இருமல் கேட்கும். காசல்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்த பாஹ் செல்லோ தொகுப்பில் ஊசி உரசல் இருக்கிறது. இரண்டும் இன்றைக்கும் விமர்சகர்களின் முதல் வரிசையில் இருக்கின்றன.

நம் ஊரில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 78 தட்டில் (நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டு) ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம்தான் இடம். மணிக்கணக்கில் தோடி வாசித்தவரை அந்த இடத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். திமிரி என்ற குட்டை நாயனத்தை விட்டு நீளமான பாரி நாயனத்துக்கு வந்தவர் அவர். அதன் அடி ஸ்தாயியின் கனம் 78-இல் பாதிதான் வரும். ஆனாலும் கமகம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது துல்லியமாக இருக்கிறது. ஒலிக்கு ஒரு நட்சத்திரம், வாசிப்புக்கு ஐந்து என்று போட வேண்டிய தட்டுகள் இவை.

எச்சரிக்கை ஒன்று. இப்படிப்பட்ட பதிவுகளைச் சுத்தம் செய்து வெளியிடும்போது கரகரப்போடு சேர்த்து சீவாளியின் (நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் நாக்கு) உயிரையும் வழித்துவிடுகிறார்கள். ‘முற்றிலும் இரைச்சல் நீக்கப்பட்டது’ என்று போட்டிருந்தால் முதலில் இலவசமாகக் கேட்டுப் பாருங்கள்.

விமர்சகர்கள் ஏமாந்தது உண்டா?

நன்றாக ஏமாந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பியானோ கலைஞர் ஜாய்ஸ் ஹாட்டோ பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிடிக்களை அவர் கணவரின் நிறுவனம் வெளியிட்டது. முதிய வயதில், நோயோடு, இவ்வளவா என்று விமர்சகர்கள் உருகினார்கள். 2007-இல் ஒருவர் அவற்றில் ஒன்றை, ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் படைப்புகள் இருந்த சிடியை, கணினியில் போட, ஐட்யூன்ஸ் வேறொரு பியானோ கலைஞர் லாஸ்லோ சைமனின் பெயரைக் காட்டியது. பிறகு ஒவ்வொன்றாகப் பரிசோதித்ததில், மற்றவர்களின் பதிவுகளைக் கொஞ்சம் வேகம் மாற்றி, பெயர் மாற்றி விற்றிருந்தது வெளியானது. வாசித்தவரின் கதை தெரிந்தால் காது எவ்வளவு தாராளமாகிவிடுகிறது பாருங்கள்.

சாதனக்காரர்கள் பக்கமும் உண்டு. மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனத்தின் எல்பிக்களை, டிஜிட்டல் கலக்காத சுத்தமான அனலாக் என்று நம்பிப் பலர் புகழ்ந்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு நடுவில் டிஜிட்டல் படி ஒன்று வருஷக்கணக்காக இருந்தது 2022-இல் தெரியவந்தது. டிஜிட்டல் என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொன்ன காதுகள் எல்லாம் அத்தனை நாளும் சும்மா இருந்தன. வழக்குப் போட்டார்கள், நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. தட்டுகள் என்னவோ நன்றாகத்தான் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

அனலாக் உசத்தியா, டிஜிட்டல் உசத்தியா?

1982-இல் சிடி வந்தபோது ஹெர்பர்ட் ஃபான் கரயான் போன்ற வாத்தியக் குழு நடத்துநர் அதைக் கைதட்டி வரவேற்றார். பியர்சன் கூட்டம் வயலின் எல்லாம் கண்ணாடித் தூள்போல் ஆகிவிட்டது என்று திட்டியது. ஆரம்பகால டிஜிட்டல் பதிவுகள் சிலவற்றைக் கேட்டால் திட்டியதில் நியாயம் இருப்பது தெரியும். இன்று அந்தச் சண்டைக்குப் பெரிய பொருள் இல்லை. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1981-இல் இரண்டாவது முறை வாசித்த ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ டிஜிட்டலில் வெளிவந்தது. கூடவே அனலாக் டேப்பும் ஓடிக்கொண்டிருந்தது. 2002-இல் அந்த டேப்பிலிருந்து மறுபடி வெளியிட்டார்கள். இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு டேப் பிடித்தது.

ஹை-ரெஸ் (சிடியைவிட உயர்ந்த தரமுள்ள) ஃபைலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

2007-இல் வெளியான மேயர், மோரான் சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் மறைத்துவைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். பூவா தலையா போட்ட கணக்குதான். 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் 52.3 சதவீதம் சரி என்று வந்தது. வித்தியாசம் இருக்கலாம், ஆனால் மெல்லியது. அந்தக் காசில் நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள். மாஸ்டரிங் நன்றாகச் செய்த ஹை-ரெஸ் வெளியீடு பழைய சிடியைவிட நன்றாக இருந்தால், காரணம் மாஸ்டரிங்.

விமர்சனத்தில் சொன்னது என் வீட்டில் ஏன் கேட்கவில்லை?

பெரும்பாலும் அறைதான் காரணம். சிமெண்ட் தரை, வெறும் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை என்றால் ஓசை பந்தாக எகிறும். விமர்சகர் எழுதும் ‘மண்டபத்தின் ஆழம்’ உங்கள் அறையின் எதிரொலியில் முங்கிப்போகும். பழைய ஓட்டு வீட்டுக் கூடம், முற்றம் திறந்திருந்தால், இதைவிட நல்ல கேட்கும் அறை. புது வீட்டில் இருப்பவர்கள் தரையில் தடிப்பான ஜமுக்காளம், பின் சுவரில் புத்தக அலமாரி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தல் என்று தொடங்கலாம். ஃபேனை நிறுத்தாமல் மெல்லிய பகுதிகளைக் கேட்க முடியாது. சித்திரையில் நிறுத்தவும் முடியாது. அந்த மாதத்துக்கு ஹெட்ஃபோன்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ‘ர்ர்ர்’ என்று ஒரு உறுமல் வந்தால், உங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். சைன் அலை வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

ஐப்பசி மழையில் தட்டு பூத்துப்போகிறது. என்ன செய்வது?

காகித உறையை எடுத்துவிட்டு பாலிதீன் உள்ளுறை போடுங்கள், தட்டுகளை நெட்டாக நிறுத்தி வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். எல்பியைத் துடைக்கும் ஆல்கஹால் கலந்த திரவத்தை 78 தட்டில் போடவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும்.

மேற்கத்திய இசை ஒன்றும் தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

ஒலிக்கு, மேலே சொன்ன ரைனர் பதிவின் முதல் இரண்டு நிமிஷம். அடியில் ஆர்கன் தரையை அசைக்கும்போது மேலே எக்காளம் எழும். வாசிப்புக்கு, கிளைபரின் ஐந்தாவது. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் ஜார்ஜ் சோல்ட்டி 1958-இல் வியன்னாவில் டெக்காவுக்காகப் பதிவு செய்த வாக்னரின் ‘தாஸ் ரைன்கோல்ட்’. வாக்னர் கேட்டபடியே பதினெட்டுப் பட்டடைக் கற்களைத் தேடிக் கொண்டுவந்து அடித்தார் தயாரிப்பாளர் ஜான் கல்ஷா. கொல்லுப் பட்டறை வழியாகப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்த இடம் உடனே பிடித்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு வந்து கேட்கலாமா?

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள், உங்களுக்குப் பழகிய தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். மார்கழியில் மட்டும் வேண்டாம். தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் விடிகாலை நாலரைக்கே ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் எந்த ஆம்ப்ளிஃபயரும் என்னிடம் இல்லை.